சீட்டில் உள்ள சிற்றெழுத்துகள்

மருத்துவமனையை விட்டு வீடு திரும்பும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டு இருக்கும். நோயின் பெயர், ஆய்வின் முடிவு, மருந்தின் அளவு, மறுபடி வரவேண்டிய நாள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அவற்றுள் பெரும்பகுதி ஆங்கிலத்தில், அதிலும் ஈரெழுத்து மூவெழுத்துச் சுருக்கங்களாக இருக்கும். அச்சுருக்கங்களின் பொருளை விளக்கி ஒரு கட்டுரை எழுதுமாறு இவ்விதழின் ஆசிரியர் குழுவினர் கேட்டபோது, ஒரு பட்டியலைத் தந்து முடித்துவிடலாம் என்றே முதலில் எண்ணினேன். ஆனால் இதைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் முதற்காரணத்தைச் சொல்லாமல் பட்டியலை மட்டும் தருவது நேர்மையாகாது என்று பின்னர்த் தோன்றியது.

மேற்படிப்பை முடித்து நான் முதன்முதலாகப் பணியில் சேர்ந்த காலம் அது. வேறோர் ஊர், வேறொரு மருத்துவமனை. முடக்குவாதத்தால் விரல் மூட்டுகள் வீங்கி, சேலைக் கொசுவத்தைச் சொருகவும் இயலாத நிலையில் அறுபது வயதுடைய அம்மையார் ஒருவர் வந்திருந்தார். துணைக்கு அவருடைய கணவர். மெத்தோட்ரெக்சேட் என்னும் மாத்திரையையும், அதன் பக்கவிளைவைக் குறைப்பதற்காக ஃபோலிக் அமில மாத்திரையையும் எழுதிக்கொடுத்தேன். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட்டை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் உட்கொள்ள வேண்டும். ஆகவே அதன் எதிரே, வாரம் ஒருமுறை என்பதைக் குறிக்கும் ‘ஓ.டபிள்யூ.’ என்ற இரண்டு எழுத்துகளை எழுதினேன். ஃபோலிக் அமிலத்தின் எதிரே, நாள்தோறும் ஒருமுறை என்பதைக் குறிக்கும் ‘ஓ.டி.’ என்ற இரண்டு எழுத்துகளை எழுதினேன். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். அவசரத்தில் ஓடிய என் கையெழுத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. மருந்துக்கடையில் இரண்டு உறைகளின் மேலும் ‘தினம் 1’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

பத்தாம் நாள் அந்த அம்மையாரைச் சக்கர நாற்காலியில் வைத்து அழைத்து வந்தார்கள். வாய் முழுவதும் புண். தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் சேர்ந்திருந்தன. 4,000 அளவிலேனும் இருக்க வேண்டிய வெள்ளணுக்கள் 1,100 ஆகச் சரிந்திருந்தன. கணவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த மாத நாட்காட்டியைச் சுருட்டி எடுத்து வந்திருந்தார். மாத்திரை கொடுத்ததற்கு அடையாளமாக ஒன்பது நாள்களுக்கும் நீல மையில் ஒவ்வொரு குறி இட்டிருந்தார். என் பிழையை அவர் ஒருநாளும் தவறாமல் கடைப்பிடித்திருந்தார்.

மாற்று மருந்தும் நுண்ணுயிர்க்கொல்லியும் கொடுத்து, தனியறையில் வைத்துப் பதினாறு நாள்கள் பார்த்துக்கொண்டோம். அம்மையார் பிழைத்தார். நான்காம் நாள், நடந்தது என்னவென்று அவர் கணவரிடம் மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சற்று நேரம் கழித்துச் சொன்னார்: “சீட்டுல ரெண்டுக்கும் ஒரே எழுத்தாத்தான் தெரிஞ்சுது. கேட்டுடலாம்னு கதவுகிட்ட நின்னேன் சார். நீங்க அவசரமா இருந்தீங்க. படிச்சவங்க எழுதினது, சரியாத்தான் இருக்கும்னு போயிட்டேன்.”

இக்கட்டுரை அந்தக் கதவருகே தயங்கி நிற்பவர்களுக்காக எழுதப்படுகிறது.

யாருக்காக எழுதப்பட்ட மொழி?

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் மருத்துவத்தின் எழுத்துமொழியாக இலத்தீன் இருந்தது. மருத்துவர் இலத்தீனில் எழுதுவார். மருந்து தயாரிப்பவர் அதைப் படித்துக் கலக்கிக் கொடுப்பார். நோயாளி அதைப் படிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பின்னர் ஆங்கிலம் அவ்விடத்துக்கு வந்தபோதும், நேரத்தையும் அளவையும் குறிக்கும் இலத்தீன் சொற்களின் முதலெழுத்துகள் மட்டும் அப்படியே தங்கிவிட்டன.

மருந்துச் சீட்டின் இடப்பக்க மேல்மூலையில் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தின் காலைக் குறுக்கே வெட்டியதுபோல் ஒரு குறி இருப்பதைக் கண்டிருப்பீர்கள். ‘எடுத்துக்கொள்க’ என்று பொருள்படும் ‘ரெசிப்பே’ என்ற இலத்தீன் சொல்லின் சுருக்கம் அது. இன்னின்ன சரக்குகளை எடுத்து மருந்தைச் செய்க என்று மருந்தாளுநருக்கு இடப்பட்ட கட்டளையே அதன் முதற்பொருள். உங்கள் கையில் இருக்கும் சீட்டு, தொடக்கத்தில் வேறிருவருக்கு இடையே நடந்த உரையாடல். அது உங்களுக்குப் புரியாமற்போவது உங்கள் படிப்பின் குறை என்று தயவுசெய்து எண்ணாதீர்கள். பிற துறைகளில் முனைவர் பட்டம் பெற்றவர்களும் அதைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்பதை நான் கண்டிருக்கிறேன்.

எத்தனை முறை? எப்போது?

நாள்தோறும் பயன்படும் சுருக்கங்கள் பத்துக்கு உட்பட்டவையே. அவற்றைத் தெரிந்துகொண்டாலே பாதிச் சீட்டு விளங்கிவிடும்.

‘ஓ.டி.’ – நாளொன்றுக்கு ஒருமுறை.
‘பி.டி.’ – நாளொன்றுக்கு இருமுறை.
‘டி.டி.எஸ்.’ – நாளொன்றுக்கு மும்முறை. வருமானவரிப் பிடித்தத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.
‘க்யூ.ஐ.டி.’ – நாளொன்றுக்கு நான்கு முறை.
‘ஏ.சி.’ – உணவுக்கு முன்.
‘பி.சி.’ – உணவுக்குப் பின்.
‘எச்.எஸ்.’ – இரவு உறங்கச் செல்லும் நேரத்தில்.
‘ஸ்டாட்’ – உடனே, ஒரே முறை.
‘எஸ்.ஓ.எஸ்.’ – தேவைப்பட்டால் மட்டும்.

இவற்றுள் கடைசியில் நிற்பதுதான் மிகுதியான குழப்பத்தைத் தருவது. கப்பல் ஆபத்தில் சிக்கும்போது விடுக்கும் அழைப்பாக அந்த மூன்றெழுத்தை அறிந்தவர்கள், அதைச் சீட்டில் கண்டவுடன் அஞ்சுகிறார்கள். மருத்துவச் சீட்டில் அது ‘தேவை ஏற்படின்’ என்று பொருள்படும் இலத்தீன் தொடரின் சுருக்கம். ஆபத்து எதையும் குறிப்பதில்லை. ஆயினும் அந்தப் பொருள் மட்டும் போதாது. வலி மாத்திரையோ தூக்க மாத்திரையோ ‘எஸ்.ஓ.எஸ்.’ என்று எழுதப்பட்டிருந்தால், மூன்று கேள்விகளைக் கேட்காமல் அறையை விட்டு வெளியேறாதீர்கள். எந்தத் தொந்தரவு வந்தால் இதை உட்கொள்ள வேண்டும்? ஒருமுறைக்கும் மறுமுறைக்கும் இடையில் எத்தனை மணி நேரம் இருக்க வேண்டும்? ஒரு நாளில் எத்தனைக்கு மேல் கூடாது? இம்மூன்றுக்கும் விடையில்லாத ‘தேவைப்பட்டால்’ என்பது பாதி எழுதிய வாக்கியம்.

‘1-0-1’ என்று எழுதும் முறை நம் நாட்டில் பரவலாக உள்ளது. காலையில் ஒன்று, நண்பகலில் இல்லை, இரவில் ஒன்று என்பது அதன் பொருள். படிக்கத் தெரியாதவர்க்கும் எளிதில் விளங்கும் நல்ல முறை இது. ஒரே எச்சரிக்கை: சிலர் மாலையையும் சேர்த்து நான்கு எண்களாக எழுதுவதுண்டு. நான்கு எண்களைக் கண்டால் மூன்றாவது மாலையா இரவா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயரின் வாலில் வரும் எழுத்துகள்

மாத்திரைப் பெயரின் முடிவில் ஓரெழுத்தோ ஈரெழுத்தோ ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அலங்காரம் என்று எண்ணி விட்டுவிடுவோர் பலர். உண்மையில் மருந்தின் இயல்பையே அது மாற்றிவிடும்.

‘எஸ்.ஆர்.’, ‘எக்ஸ்.ஆர்.’, ‘ஈ.ஆர்.’, ‘சி.ஆர்.’, ‘எக்ஸ்.எல்.’ ஆகியவை ஏறத்தாழ ஒரே செய்தியைச் சொல்கின்றன: இம்மாத்திரை வயிற்றுக்குள் மெல்ல மெல்லக் கரைந்து பல மணி நேரம் வேலை செய்யும். ‘ஈ.சி.’ என்றால், இரைப்பை அமிலத்தில் கரையாமல் குடலுக்குச் சென்று கரையும்படி மேலுறை பூசப்பட்டது. இவற்றை முழுதாக விழுங்க வேண்டும். பொடித்துக் கொடுத்தால், நாள் முழுவதும் சிறிது சிறிதாக வெளிப்பட வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இரத்தத்தில் கலந்துவிடும். இரத்த அழுத்த மாத்திரையாயின் அழுத்தம் சட்டென்று வீழ்ந்து மயக்கம் வரலாம். பக்கவாதத்தால் விழுங்க முடியாமல் மூக்குவழிக் குழாயில் உணவு பெறும் முதியவர்களைக் கவனித்துக்கொள்வோர் இதைச் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டும். நீங்கள் அன்போடு அம்மியில் நுணுக்கிக் கரைக்கும் மாத்திரை, நுணுக்கக்கூடாத வகையாக இருக்கலாம். அதற்கு மாற்றாகப் பொடிக்கத்தக்க வடிவமோ நீர்ம மருந்தோ பெரும்பாலும் கிடைக்கும், எங்களிடம் கேளுங்கள்.

‘டி.டி.’ என்றால் நீரில் கரைத்துக் குடிக்கத்தக்கது. ‘எம்.டி.’ என்றால் வாயில் தானே கரைவது. ‘எஸ்.எல்.’ என்றால் நாவின் அடியில் வைக்க வேண்டியது; நெஞ்சுவலிக்குத் தரப்படும் அத்தகைய மாத்திரையை விழுங்கிவிட்டால் வேண்டிய வேகத்தில் வேலை செய்யாது.

வேறு சில எழுத்துகள், அந்த மாத்திரைக்குள் இன்னொரு மருந்தும் இருப்பதைக் காட்டும். இரத்த அழுத்த மாத்திரையின் முடிவில் ‘எச்’ இருந்தால் பெரும்பாலும் சிறுநீர் பிரிக்கும் மருந்து சேர்ந்திருக்கும், ‘ஏ.எம்.’ இருந்தால் அம்லோடிபின் சேர்ந்திருக்கும். நீரிழிவு மாத்திரையின் முடிவில் ‘எம்’ இருந்தால் பெரும்பாலும் மெட்ஃபார்மின் சேர்ந்திருக்கும். ‘அதே மாத்திரைதான், அந்த எழுத்து மட்டும் இல்லை’ என்று கடையில் மாற்றி வாங்கி வருவது அதே மருந்து ஆகாது. அதேபோல ‘எம்’ உள்ள மாத்திரையோடு தனி மெட்ஃபார்மினையும் சேர்த்து உட்கொண்டு, அளவு இரட்டிப்பான நோயாளிகளையும் கண்டிருக்கிறோம்.

புள்ளியும் பூச்சியமும்

எழுத்துகளைவிட அளவுகளில் நேரும் பிழை கொடியது. ‘எம்.ஜி.’ என்பது மில்லிகிராம். ‘எம்.சி.ஜி.’ என்பது மைக்ரோகிராம். இடையில் ஓரெழுத்துதான் வேறுபாடு. அளவில் ஆயிரம் மடங்கு வேறுபாடு. தைராய்டு குறைபாட்டுக்குத் தரும் தைராக்சின் மாத்திரை 25, 50, 100 என்று மைக்ரோகிராமில்தான் வரும். உங்கள் மாத்திரைக் குப்பியில் உள்ள எண்ணும் சீட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாருங்கள்.

‘5.0’ என்று எழுதினால் புள்ளி மங்கி ‘50’ ஆகிவிடக்கூடும். ‘.5’ என்று எழுதினால் புள்ளி மறைந்து ‘5’ ஆகிவிடக்கூடும். எனவே முழு எண்ணுக்குப் பின் பூச்சியம் இடக்கூடாது, புள்ளிக்கு முன் பூச்சியம் இடாமல் விடக்கூடாது என்பது எங்களுக்குக் கற்பிக்கப்படும் விதி.

குழந்தைகளுக்குத் தரும் பாராசிட்டமால் மருந்தைப் பாருங்கள். ஒருவகைச் சிரப்பில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் உள்ளது. மற்றொரு வகையில் அதே 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ ஒரே ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம். சிரப்பு என்று எண்ணிச் சொட்டு மருந்தை 5 மில்லிலிட்டர் கொடுத்துவிட்டால் குழந்தைக்கு 500 மில்லிகிராம் போய்ச்சேரும். ‘போன தடவை ஒரு மூடி கொடுத்தோம்’ என்ற நினைவை நம்பாமல், குப்பியின் மேலுள்ள எண்ணைப் படித்துக் கொடுக்க வேண்டும்.

இன்சுலின் அளவை ‘யூனிட்’ என்ற அலகால் சொல்கிறோம். அதைச் சுருக்கி ‘யு’ என்ற ஆங்கில எழுத்தால் எழுதும் வழக்கம் இருந்தது. கையெழுத்தில் அந்த எழுத்து பூச்சியம்போல் தோன்றும். 4 அலகு என்பது 40 ஆகப் படிக்கப்பட்டு, நோயாளி நினைவிழந்த நிகழ்வுகள் உலகெங்கும் பதிவாகியுள்ளன. அதனால் ‘யூனிட்’ என்று முழுச்சொல்லாகவே எழுத வேண்டும் என்பது இன்றைய நெறி.

இன்சுலினில் இன்னொரு பொறியும் உண்டு. நம் நாட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு உள்ள குப்பியும் கிடைக்கிறது. 100 அலகு உள்ள குப்பியும் கிடைக்கிறது. சிரிஞ்சுகளும் அவ்வாறே இருவகை: 40க்கு உரியது சிவப்பு மூடி, 100க்கு உரியது ஆரஞ்சு மூடி. 100 அலகுக் குப்பியிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை எடுத்தால், உடம்புக்குள் செல்வது 20 அலகன்று, 50 அலகு. இரண்டரை மடங்கு. குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தாலன்றி ஊசியைப் போடாதீர்கள். இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமானால், இன்சுலின் போடும் குடும்பத்தினர் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே எழுத்து, வேறு பொருள்

நாளுக்கு ஒருமுறை என்று மேலே நாம் பார்த்த ‘ஓ.டி.’ கண் மருத்துவரின் சீட்டில் வலக்கண்ணைக் குறிக்கும். ‘எம்.எஸ்.’ என்பது இதயப் பிரிவில் ஒரு வால்வின் சுருக்கத்தையும், நரம்பியல் பிரிவில் முற்றிலும் வேறான நரம்பு நோயையும் குறிக்கும். மாத்திரைப் பெயரின் முடிவில் சிறுநீர் பிரிக்கும் மருந்தாக இருந்த ‘எச்’, இரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஓர் எண்ணின் பக்கத்தில் நின்றால் ‘இயல்பைவிட மிகுதி’ என்று பொருள். ‘எல்’ என்றால் ‘குறைவு’.

சில ஆண்டுகளுக்கு முன், புறநோயாளிப் பிரிவின் படிக்கட்டில் ஓர் இளம்பெண் அமர்ந்து அழுதுகொண்டிருந்தார். தந்தையின் இரத்தப் பரிசோதனை அறிக்கை அவர் மடியில் இருந்தது. “சி.ஏ.ன்னு போட்டிருக்கு டாக்டர். அது கேன்சர்தானே? அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல” என்றார். அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். ‘சி.ஏ. 9.2’ என்றிருந்தது. அது இரத்தத்தில் உள்ள கால்சியத்தின் அளவு, முற்றிலும் இயல்பானது. புற்றுநோயைக் குறிக்கவும் அதே இரண்டு எழுத்துகளை மருத்துவர்கள் எழுதுவதுண்டு. அதை அவர் எங்கோ படித்திருக்கிறார். வேதியியலில் அவை கால்சியத்தின் குறியீடு என்பதும் அவர் பள்ளியில் படித்ததுதான். அச்சம் வந்த வேளையில் முன்னது மட்டுமே நினைவுக்கு வந்தது. ஒரு நிமிடத்தில் தீர்ந்த துயரம் அது. ஆனால் நான் அவ்வழியே வந்திராவிட்டால் அன்றிரவு அந்த வீட்டில் யாரும் உறங்கியிருக்கமாட்டார்கள்.

மறைப்பதற்காக எழுதப்படுபவை

எல்லாச் சுருக்கமும் நேரத்தை மிச்சப்படுத்த எழுதப்படுவதில்லை. சில, ஒன்றை மூடிவைப்பதற்காகவே எழுதப்படுகின்றன. காசநோயை நேரடியாக எழுதாமல் ‘கோக்ஸ்’ என்று எழுதும் வழக்கம் நம் நாட்டு மருத்துவர்களிடையே நெடுங்காலமாக உண்டு. காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக 1882இல் அறிவித்த ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக்கின் பெயரால் வந்தது அச்சொல். காசநோய் என்ற பெயரைக் கேட்டாலே அக்கம்பக்கத்தார் ஒதுக்கிவைத்த காலத்தில், நோயாளியின் மானத்தைக் காக்க அது உதவியிருக்கலாம்.

ஆனால் அதே சொல்லால் தீங்கும் விளைகிறது. ‘கோக்ஸ்’ என்பதைச் சிகிச்சை அளித்த மருத்துவரின் பெயர் என்று எண்ணிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தை நான் சந்தித்திருக்கிறேன். வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருந்தது. நுரையீரல் காசநோய் உள்ளவரோடு ஒரே வீட்டில் வாழும் சிறு குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். நோய் இல்லையென்றால் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும். நோயின் பெயரே தெரியாத வீட்டில் அதை யார் கேட்பார்? அதுமட்டுமன்று, காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம் மருந்து உட்கொள்ள வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றவுடன் பலர் நிறுத்திவிடுவதற்கு, தமக்கு என்ன நோய் என்று தெளிவாகச் சொல்லப்படாமையும் ஒரு காரணம்.

‘அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் டாக்டர், சீட்டில் எழுத்தாகப் போட்டுவிடுங்கள்’ என்று கேட்கும் பிள்ளைகளின் அன்பை நான் அறிவேன். ஆனால் மருந்தை உட்கொள்பவர் அப்பாதான். எவ்வளவு சொல்வது, எப்போது சொல்வது, எவ்வாறு சொல்வது என்பதை நாம் சேர்ந்து முடிவு செய்யலாம். அந்த முடிவைச் சுருக்கெழுத்திடம் விட்டுவிட வேண்டாம்.

அறிக்கையிலும் கட்டிலின் தலைமாட்டிலும்

விடுவிப்பு அறிக்கையின் முதல் வரிகளில் ‘கே/சி/ஓ’ என்று இருக்கும். ‘ஏற்கெனவே இன்ன நோய் உள்ளவர்’ என்பது பொருள். அதைத் தொடர்ந்து வருவனவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ‘டி2டி.எம்.’ என்பது இரண்டாம் வகை நீரிழிவு. ‘எஸ்.எச்.டி.என்.’ என்பது உயர் இரத்த அழுத்தம். ‘சி.ஏ.டி.’ என்பது இதயத் தமனி நோய். ‘சி.கே.டி.’ என்பது நாள்பட்ட சிறுநீரக நோய்.

இவற்றுள் கடைசிச் சுருக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தொடக்கநிலைச் சிறுநீரக நோய் வலிக்காது, வீக்கமும் தராது. சீட்டில் மட்டுமே அது இருக்கும். மூன்றாண்டுகளாக ‘சி.கே.டி.’ என்று எழுதப்பட்ட சீட்டுகளை ஒழுங்காக அடுக்கி வைத்திருந்த ஒருவர், முழங்கால் வலிக்குக் கடையில் தாமாகவே வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் உட்கொண்டு, சிறுநீரகம் மேலும் பழுதாகி வந்தார். சிறுநீரக நோய் உள்ளவர்கள் அவ்வகை வலி மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். “எனக்குக் கிட்னியில பிரச்சினைன்னு யாரும் சொல்லலையே” என்றார். எழுதியிருந்தோம், சொல்லவில்லை. அவர் கூறியது உண்மைதான்.

சில சுருக்கங்கள் நற்செய்தி தருபவை. ‘என்.ஏ.டி.’ என்றால் குறைபாடு எதுவும் காணப்படவில்லை. கிருமிப் பரிசோதனையில் ‘நெகட்டிவ்’ என்றால் தேடிய கிருமி தென்படவில்லை. அன்றாடப் பேச்சில் கெட்டதைக் குறிக்கும் சொல் இங்கே நல்லதைக் குறிக்கிறது. ‘என்.கே.டி.ஏ.’ என்றால் மருந்து ஒவ்வாமை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை என்று பொருள். ஏதேனும் ஒரு மருந்தால் முன்பு உங்களுக்கு உடல் தடித்தோ மூச்சுத் திணறியோ இருந்தால், அந்த நான்கெழுத்தை உடனே திருத்தச் சொல்லுங்கள்.

கட்டிலின் தலைமாட்டில் ‘என்.பி.எம்.’ அல்லது ‘என்.பி.ஓ.’ என்ற அட்டை தொங்கினால், வாய்வழியாக எதையும் கொடுக்கக்கூடாது என்று பொருள். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உள்ளது மேலெழுந்து நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. ‘பசியோடு போகிறாளே, ஒரு வாய் காபிதானே’ என்று கொடுத்துவிடும் அன்னையர் அந்த அட்டையின் பொருளை அறிந்தால் கொடுக்கமாட்டார்கள். ‘டி.ஏ.எம்.ஏ.’ என்பது மருத்துவ அறிவுரைக்கு மாறாக வெளியேறுவதைக் குறிக்கும். எந்தத் தாளாயினும், அதில் உள்ள சுருக்கத்தின் பொருளைக் கேட்டறியாமல் கையெழுத்திடாதீர்கள்.

எங்கள் கடமை

குறையைச் சரிசெய்ய வேண்டியவர்கள் முதலில் நாங்களே. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூட்டு ஆணையம், பயன்படுத்தவே கூடாத சுருக்கங்களின் பட்டியலொன்றை 2004இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இன்சுலின் அலகைக் குறிக்கும் ஓரெழுத்து அதில் முதலிடத்தில் உள்ளது. இந்திய மருத்துவக் குழுமம் 2016இல் தன் நடத்தை விதிகளைத் திருத்தி, மருந்துகளை அவற்றின் பொதுப்பெயரால், தெளிவாகவும் கூடுமானவரை பெரிய எழுத்துகளிலும் எழுத வேண்டும் என்றது. மருந்துப் பிழைகளால் விளையும் தீங்கைக் குறைப்பதை ஓர் உலகளாவிய பணியாக உலக நலவாழ்வு அமைப்பு 2017இல் அறிவித்தது. விதிகள் இருக்கின்றன. ஆயினும் நெரிசலான காலை வேளையில் பேனா பழைய தடத்திலேயே ஓடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் உங்கள் கேள்வி எங்களுக்குத் தேவைப்படுகிறது.

உங்கள் உரிமை

அறையை விட்டு எழுவதற்கு முன் பின்வருவனவற்றைச் செய்யுங்கள்.

ஒன்று, ஒவ்வொரு மருந்தும் எந்த நோய்க்கு என்று கேளுங்கள். விடையை மருந்தின் பெயருக்கு அருகே உங்கள் கையெழுத்தில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு, எத்தனை முறை, உணவுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள் என்று கேளுங்கள். ‘நாள்தோறுமா, வாரம் ஒருமுறையா?’ என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மூன்று, கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள். ‘இதைக் காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, சரிதானே டாக்டர்?’ என்று நீங்கள் சொல்லும்போது எங்கள் பிழை எங்கள் காதிலேயே விழும்.

நான்கு, மருந்துக்கடையில் உறையின்மேல் எழுதியதையும் சீட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபட்டால் அங்கேயே நின்று கேளுங்கள். மருந்தாளுநர் தொலைபேசியில் எங்களை அழைத்துக் கேட்பதில் தவறேதுமில்லை.

ஐந்து, வேறொரு மருத்துவரிடம் செல்லும்போது பழைய சீட்டுகளோடு, இப்போது உட்கொள்ளும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். கையெழுத்து மங்கலாம், அட்டையில் அச்சிட்டது மங்காது.

அந்த அம்மையாரும் அவர் கணவரும் நான் அவ்வூரை விட்டு வரும்வரை மாதந்தோறும் என்னிடமே வந்தார்கள். ஒவ்வொரு முறையும் நான் எழுதி முடித்த சீட்டை அவர் வாங்கி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உரக்கப் படிப்பார். ‘வாரம் ஒருமுறை, ஞாயிறு மட்டும்’ என்று நான் தமிழில் முழுதாக எழுதியிருந்த இடத்தை இருமுறை படிப்பார். அவர் படித்து முடிக்கும்வரை அடுத்தவரை அழைக்கக்கூடாது என்று வாயிலில் இருந்த செவிலியரிடம் சொல்லிவைத்திருந்தேன். இரண்டு நிமிடத்துக்குமேல் ஆனதில்லை.

அந்த இரண்டு நிமிடம் உங்களுக்கும் உரியது. நாங்கள் அவசரத்தில் இருப்பதுபோல் தோன்றினாலும் கேளுங்கள்.